ஒரே வண்டியில் ஒன்பது பார்ட்டி: டெலிவரி மிஷன் அடுக்குவது நிஜமா, ஏமாற்றா?

அக்கா பையன் கோயமுத்தூரில் காலேஜ் படிக்கிறான். எலீட் டேஞ்சரஸ் விளையாட ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான்: "மாமா, ஒரே ஸ்டேஷனுக்குப் போற டெலிவரி மிஷன் ஏழெட்டு ஒண்ணா எடுத்து ஒரே ட்ரிப்ல முடிச்சிடறேன். பணம் கொட்டுது. கூட விளையாடற பையன் இது சீட்டிங், ரியலிசமே இல்லைங்கறான். ஒரு மிஷன் எடுத்து முடிச்சிட்டுத்தான் அடுத்தது எடுக்கணுமாம். நீங்க லாரி ஆபீஸ் வச்சிருக்கீங்க, நீங்களே சொல்லுங்க."

போனில் சொன்னால் அக்கா நடுவில் வாங்கிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். எழுதினால் உன் நண்பனும் படிக்கலாம், இதே சந்தேகம் இருக்கிற மற்றவர்களும் படிக்கலாம்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். வீடு கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. வீட்டிலும் கடையிலும் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். தினமும் காலையில் வேலந்தாவளம் வழியாகக் கோயமுத்தூர் போய், உக்கடம் பக்கம் ஒரு சின்ன புக்கிங் ஆபீஸில் உட்காருகிறேன். கோவையிலிருந்து பாலக்காடு, திருச்சூர், எறணாகுளம் லைனுக்குப் பார்ட் லோடு, அதாவது பல பேர் சரக்கை ஒரே வண்டியில் சேர்த்து எடுப்பதுதான் தொழில். ராத்திரி பத்து மணிக்கு மேல் எலீட். பகலில் செய்வதையே ராத்திரி பணம் கொடுத்து வாங்கி விளையாடுகிறாயே என்று உன் அத்தை கேட்பாள். நியாயமான கேள்விதான்.

எலீட் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நம் பால்வீதியையே அளவு மாறாமல் கட்டி வைத்திருக்கும் விண்வெளி விளையாட்டு. சுமார் 40,000 கோடி நட்சத்திரத் தொகுதிகள். 2014 டிசம்பரில் வந்தது. இதன் தாத்தா, 1984-ல் டேவிட் பிரேபனும் இயான் பெல்லும் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்கு எழுதிய எலீட். அதில் கையில் 100 கிரெடிட்டோடு கிளம்பி, 20 டன் பிடிக்கிற கப்பலில் சரக்கு வாங்கி விற்பதுதான் பிழைப்பு. அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றிக்கொண்டு போவது இப்போதைய விளையாட்டில் பெரிய வேலை. ஸ்டேஷனில் இறங்கினால் மிஷன் போர்டு இருக்கும். அந்த ஊரில் இருக்கும் ஒவ்வொரு கட்சியும் அதில் வேலை போட்டிருக்கும்: இந்தச் சரக்கை இன்ன ஸ்டேஷனில் கொடு, இவ்வளவு தருகிறோம், இத்தனை மணி நேரத்துக்குள். ஒரே சமயத்தில் 20 மிஷன் வரை கையில் வைத்துக்கொள்ளலாம். ஒரே திசையில் போவதாகப் பொறுக்கி எடுத்தால் அதுதான் அடுக்குவது. ஸ்டாக்கிங் என்றும் சொல்வார்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். அடுக்குவது சீட்டிங் இல்லை. சொல்லப்போனால் அந்த விளையாட்டிலேயே எங்கள் தொழிலுக்கு ரொம்பக் கிட்டே இருப்பது அது ஒன்றுதான். ஒரு மிஷன் முடித்துவிட்டு அடுத்தது எடு என்கிற உன் நண்பனை என் ஆபீஸில் உட்கார வைத்தால் ஒரே மாதத்தில் ஷட்டரை இறக்கிவிடுவேன். ஆனால் ரியலிசம் இல்லை என்று அவன் மூக்கில் வேர்க்கிறதே, அது வீணில்லை. எங்கோ ஒன்று இடிக்கிறது என்று அவனுக்குத் தெரிகிறது, எது என்றுதான் தெரியவில்லை. இடிப்பது சரக்கு அடுக்குகிற இடத்தில் இல்லை, வாடகை வாங்குகிற இடத்தில்.

ஒரு வண்டியைக் காட்டுகிறேன். 14 அடி வண்டி, சாயங்காலம் ஆறு மணி. உள்ளே பன்னிரண்டு பம்பு செட்டு, எட்டு கிரைண்டர், நூல் மூட்டை இருபது, யாரோ ஒரு அம்மா மகளுக்கு அனுப்பும் தையல் மெஷின், இரண்டு கம்பெனிகளின் மோட்டார் உதிரிபாகப் பெட்டிகள். அந்த இரண்டு கம்பெனிக்காரர்களும் கல்யாண வீட்டில் பார்த்தால்கூடப் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் பெட்டி என் வண்டியில் தோளோடு தோள் உட்கார்ந்து திருச்சூர் போகும். எலீட்டில் ஒன்றுக்கொன்று ஜென்மப் பகையான இரண்டு கட்சிகளின் மிஷனை ஒரே கப்பலில் ஏற்றலாம் என்பதைச் சிலர் குறையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதில் ஒரு குறையும் இல்லை. பார்ட் லோடு என்றாலே அப்படித்தான். என் பெட்டி ஏன் அவன் பெட்டிக்கு அப்புறம் இறங்கியது என்றுதான் போன் வரும், ஏன் ஒன்றாகப் போனது என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

இப்போது வாடகை. கணக்குக்காக ஒரு தொகை வைத்துக்கொள்வோம். இந்த வண்டி முழுசாக ஒருத்தருக்கு எறணாகுளம் போனால் 12,000 ரூபாய். தையல் மெஷின் அம்மாவிடம் 12,000 கேட்க முடியுமா? மெஷினே அந்த விலை வராது. அவர் 350 ரூபாய் கொடுக்கிறார். ஏன் 350-க்குப் போகிறது? மற்றவர் சரக்கும் கூட வருகிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வண்டிக்கு டீசல் ஒன்றுதான், டிரைவர் பேட்டா ஒன்றுதான், பாம்பாம்பள்ளம், பன்னியங்கரை, பாலியேக்கரை என்று டோலும் ஒரு தடவைதான். அந்தச் செலவை எல்லாருக்கும் பங்கு போட்டுத்தான் ரேட்டு. ஒன்பது பார்ட்டியும் சேர்ந்து கொடுப்பது ஃபுல் லோடு வாடகையை விடக் கொஞ்சம் கூட வரும். அந்தக் கொஞ்சம்தான் என் சாப்பாடு. வண்டியில் கால்வாசி இடம் காலியாகப் போனால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை.

எலீட்டில் என்ன நடக்கிறது? முதல் மிஷன் பத்து லட்சம் கிரெடிட் தருகிறது. அதை எடுத்தாயிற்று. இரண்டாவது மிஷனும் அதே ஸ்டேஷன், அதுவும் பத்து லட்சம். எட்டாவதும் பத்து லட்சம். உன் கப்பலில் ஏற்கெனவே ஏழு பார்ட்டி சரக்கு இருக்கிறது, நீ எப்படியும் அங்கே போகத்தான் போகிறாய் என்பது எட்டாவது ஆளுக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொருவனும் முழு வண்டியைத் தனக்காகப் பிடித்த மாதிரி பணம் கொடுக்கிறான். பேரம் கிடையாது. பக்கத்து ஆபீஸ்காரன் ரேட்டைக் குறைத்து இழுத்துக்கொண்டு போவது கிடையாது. நீ போட்டி இல்லாத ஊரில், பேரம் தெரியாத ஜனங்களிடம் ஆபீஸ் போட்டிருக்கிறாய், அவ்வளவுதான். பணம் கொட்டாமல் என்ன செய்யும்?

அடுத்து, பணம் வருகிற வேகம். எலீட்டில் சரக்கைக் கொடுத்த அந்த வினாடியே கணக்கில் ஏறிவிடுகிறது. இங்கே பில் போடும்போதே பெய்டா, டூ-பேயா என்று எழுத வேண்டும். பெய்டு என்றால் அனுப்புகிறவர் தருவார். டூ-பே என்றால் சரக்கு எடுக்கிறவர் தர வேண்டும், அவர் கடையில் இல்லை, மகன்தான் இருக்கிறான், நாளைக்கு வாங்க என்பான். ரெகுலர் பார்ட்டிகளுக்குக் கணக்குதான். கையெழுத்துப் போட்ட டெலிவரி ரசீது திரும்பி வந்து, அதை பில்லோடு வைத்து அனுப்பி, நாற்பத்தைந்து நாள் கழித்துப் பாதி வரும். விளையாட்டில் இதை வைத்தால் ஒரு பயல் விளையாட மாட்டான். அது எனக்கும் தெரியும்.

எலீட்டில் நன்றாகச் செய்திருக்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். எடை. சரக்கு ஏற ஏற ஜம்ப் தூரம், அதாவது கப்பல் ஒரே தாவலில் கடக்கிற தூரம், குறையும். காலிக் கப்பல் ஐந்து தாவலில் போகிற தூரத்தை நிறைந்த கப்பல் எட்டுத் தாவலில் போகும். லோடு வண்டியை மேட்டில் ஏற்றுகிறவனுக்கு இது உடனே புரியும். கப்பலில் எதை வைப்பது என்பதும் அப்படித்தான். கப்பலைக் காக்கிற ஷீல்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலும் சரக்குத் தட்டு வைத்தால் இன்னும் ரெண்டு மிஷன் ஏறும்; ஆனால் நடுவழியில் கொள்ளைக்காரன் பிடித்தால் கதை முடிந்தது. அடுக்கிய ஒவ்வொரு மிஷனும் தன் பங்குக்கு ஒரு வில்லனை அனுப்பலாம் என்பதையும் மறக்காதே. நான் ஒரு தடவை ஏழு டெலிவரியோடு போய், ஒருத்தனிடம் தப்பித்து மூச்சு விடுவதற்குள் அடுத்தவன், அவனை விட்டால் இன்னொருத்தன் என்று ஒரே தொகுதியில் மூன்று பேர் இழுத்தார்கள். மூன்றாமவனிடம் கப்பல் போயிற்று. இன்சூரன்ஸில் கப்பல் விலையில் ஐந்து சதவீதம் கட்டினால் கப்பல் திரும்பி வரும். சரக்கு வராது. ஏழு மிஷனும் ஒரே அடியில் போச்சு, ஏழு பேரிடமும் கெட்ட பேர். இது நூற்றுக்கு நூறு நிஜம். அடுக்கினால் லாபம் மட்டும் அடுக்காகாது.

நிஜத்தில் அந்த அடி கொள்ளைக்காரனால் வருவதில்லை, காகிதத்தால் வரும். மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் இ-வே பில் வேண்டும், சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு. 2018 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். அதற்கு ஆயுள் உண்டு: 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 2021-க்கு முன் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று இருந்தது. எலீட் மிஷனில் ஓரத்தில் ஓடுகிற கடிகாரம் மாதிரியே. அங்கேயும் நீ விளையாட்டை மூடிவிட்டுத் தூங்கினாலும் நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், இங்கேயும் டிரைவர் தூங்கினால் ஓடும்.

இன்னொன்று கேள். ஒரே வண்டியில் பல பார்ட்டி சரக்குப் போனால், எல்லா இ-வே பில்லையும் சேர்த்து ஒரு தொகுப்பு பில் போட அரசாங்கமே வழி வைத்திருக்கிறது. அதற்குப் படிவம் இருக்கிறது, தனி எண் இருக்கிறது. அடுக்குவதற்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் வேண்டுமா என்று உன் நண்பனைக் கேள். ஆனால் அந்தத் தொகுப்புக்குத் தனி ஆயுள் கிடையாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பில்லின் ஆயுளும் தனித்தனியாகத்தான் ஓடும். அதில் ஒன்று செத்தால் வண்டி நிற்கும்.

நின்றும் இருக்கிறது. இரண்டு வருஷம் முன் ஒரு ராத்திரி வண்டி வழியில் கிளட்ச் போய் நின்றுவிட்டது. மாற்று வண்டி அனுப்பி சரக்கைத் தூக்கி மாற்றினோம். வண்டி மாறினால் ஒவ்வொரு இ-வே பில்லிலும் பார்ட் பி என்கிற வண்டி விவரப் பகுதியில் புது வண்டி நம்பரை ஏற்ற வேண்டும். பதினோரு பில். தூக்கக் கலக்கத்தில் பத்தை ஏற்றிவிட்டு ஒன்றை விட்டேன். நான்தான் விட்டேன், வேறு யாரையும் சொல்வதற்கில்லை. வழியில் சோதனை. அந்த ஒரு பில்லுக்காக வண்டி ஓரங்கட்டப்பட்டது. சரக்கைப் பிடித்துவைத்தால் உரிமையாளர் முன்வந்து கட்ட வேண்டியது வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். தப்பு ஒருவர் சரக்கில், ஒன்றரை நாள் காத்திருந்தது பதினோரு பேர் சரக்கும். அதில் மறுநாள் காலை திறப்பு விழா வைத்திருந்த ஒரு கடைக்குப் போக வேண்டிய பெயர்ப் பலகையும் இருந்தது. அந்தக் கடைக்காரர் இன்றுவரை என்னிடம் சரக்கு போடுவதில்லை. எலீட்டில் ஒரு மிஷன் கெட்டால் அது மட்டும் கெடும், பக்கத்து மிஷனுக்கு ஜலதோஷம்கூடப் பிடிக்காது. உன் நண்பன் ரியலிசம் இல்லை என்று சொல்ல வேண்டுமென்றால் இந்த இடத்தைக் கைகாட்டலாம்.

இதெல்லாம் கஷ்டம் என்று நினைக்காதே. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் வாளையாற்றில் வரிச் சோதனைச்சாவடி இருந்த காலத்தில் லாரி வரிசை மணிக்கணக்கில் நிற்கும். டிரைவர்கள் வரிசையிலேயே சமைத்துச் சாப்பிட்டு, குளித்து, சீட்டும் ஆடுவார்கள். எலீட்டில் ஹட்டன் ஆர்பிட்டல் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பாய். ஆல்ஃபா சென்டாரிக்குள் நுழைந்த பிறகும் 0.22 ஒளியாண்டு தாவ வழியில்லாமல் சூப்பர்குரூஸிலேயே ஓட்டிப் போக வேண்டும், சாதாரண இன்ஜினில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புதுசாக வருகிறவர்களை, அங்கே போனால் அனகோண்டா என்ற பெரிய கப்பல் இலவசம் என்று சொல்லி அனுப்பிவைப்பார்கள். என்னிடமும் சொன்னார்கள், போனேன். ஒன்றும் செய்யாமல் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம் பழைய வாளையாறு ஞாபகம் வந்தது. விளையாட்டில் எனக்கு ஊர் ஞாபகம் வந்த ஒரே இடம் அது.

ஏற்றி இறக்குகிற விஷயத்தில் எலீட் சுத்தமாகக் கண்ணை மூடிக்கொள்கிறது. நூற்றுக்கணக்கான டன் பொத்தான் அமுக்கினால் ஏறுகிறது, பொத்தான் அமுக்கினால் இறங்குகிறது. டைப்-9 மாதிரி பெரிய கப்பல் 700 டன்னுக்கு மேல் பிடிக்கும். 700 டன் என்றால் எவ்வளவு தெரியுமா? என் 14 அடி வண்டி மாதிரி நூற்றைம்பது வண்டிக்கு மேல். ஒரு வண்டியை அடுக்கவே நாலு பேருக்கு இரண்டு மணி நேரம்.

அடுக்குவது என்ற சொல்லே எங்களுக்கு இங்கேதான். கடைசியாக இறங்குவது முதலில் ஏற வேண்டும். எறணாகுளம் சரக்கு கேபினை ஒட்டி, அப்புறம் அங்கமாலி, அப்புறம் திருச்சூர், கதவோரம் பாலக்காடு. அதோடு கனம் கீழே, லேசு மேலே. இந்த இரண்டு விதியும் சண்டை போட்டுக்கொள்ளும். பாலக்காட்டுக்கு கிரைண்டர், எறணாகுளத்துக்குத் தலையணைப் பஞ்சு என்று வந்தால் என்ன செய்வாய்? கிரைண்டர் கீழே இருக்க வேண்டும், ஆனால் கதவோரமும் இருக்க வேண்டும். எங்களிடம் முருகேசண்ணன் என்று ஒருவர். வண்டிக்குள் ஏறி நின்று ஒரு நிமிஷம் பார்ப்பார், பீடியை அணைப்பார், பிறகு ஒவ்வொரு பெட்டியாக விரலைக் காட்டுவார். அவர் காட்டியபடி வைத்தால் திருச்சூர் வரை ஒரு பெட்டியைத் தொட வேண்டியதில்லை. அவர் லீவு போட்ட ஒரு நாள் பாலக்காட்டு கிரைண்டர் ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டது. பாலக்காட்டில் பாதி வண்டியை ரோட்டில் இறக்கி, கிரைண்டரை எடுத்து, மறுபடி ஏற்றினோம். இறக்குகூலி இரண்டு தடவை.

இறக்குகூலி என்றதும் கேரளத்தைச் சொல்லாமல் விட முடியாது. இங்கே சரக்கு இறக்க அந்தந்த இடத்தின் சுமட்டுத் தொழிலாளிகள் இருக்கிறார்கள். அதற்கு 1978-ஆம் வருஷத்துத் தனிச் சட்டமே இருக்கிறது. மூட்டைக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு என்று ரேட்டு. நாமே இறக்கிக்கொண்டாலும் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் கூலி என்று நோக்குகூலி கேட்பது ஒரு காலத்தில் இருந்தது. 2018 மே 1 முதல் அரசு அதைத் தடை செய்தது. தமிழ்நாட்டுப் பக்கம் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். முதுகு ஒடியத் தூக்குகிறவனுக்கு விலை உண்டு என்று சொல்கிற ஊர் இது. கணக்குக்கு வருவோம்: நாலு ஊரில் இறங்குகிற பார்ட் லோடுக்கு நாலு ஊர்க் கூலி. ஆகவே எங்களுக்கு எத்தனை பார்ட்டி என்பதைவிட எத்தனை நிறுத்தம் என்பது பெரிய கேள்வி. இருபது பார்ட்டி ஒரே ஊர் என்றால் சந்தோஷம். ஐந்து பார்ட்டி ஐந்து ஊர் என்றால் யோசிப்போம்.

எலீட்டில் கெட்டிக்காரர்கள் செய்வதும் அதேதான். அக்கம்பக்கம் ஆள் இருக்கிற தொகுதி குறைவாக உள்ள ஊரில் போய் உட்காருவார்கள். பக்கத்தில் ஒரே ஒரு ஊர் என்றால் போர்டில் இருக்கும் டெலிவரி எல்லாம் அங்கேதானே போகும்? சோதிஸ், கியோஸ் என்று மனிதக் குடியிருப்புகளிலிருந்து ரொம்ப விலகிக் கிடக்கும் இரண்டு தொகுதிகள் இப்படித்தான் பேர் பெற்றன. இதற்கு நம் ஊரில் உதாரணம் பரம்பிக்குளம். இருப்பது கேரளத்தில், எங்கள் சித்தூர் தாலுகாவிலேயே. ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் போய்த்தான் போக முடியும். ஒரே ரோடு. அங்கே யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் அந்த வழியில்தான் வர வேண்டும். அப்படிப்பட்ட ஊருக்கு ஆளுக்கொரு வண்டி விடுவதுதான் கிறுக்குத்தனம்.

சோதிஸில் சிரிப்பு வருகிற விஷயம் வேறு. அங்கே பலர் அடுக்கியது சரக்குக்கூட இல்லை, தகவல் டெலிவரி. அதற்கு எடையே கிடையாது, கப்பலில் இடமும் வேண்டாம், 20 மிஷனையும் ஆரம்பத்தில் கிடைக்கிற குட்டிக் கப்பலான சைட்விண்டரில் கொண்டு போகலாம். இப்படி இரண்டு ஊருக்கு நடுவே தபால் கொடுத்துக் கொடுத்தே விளையாட்டில் இருக்கிற ஃபெடரல் கடற்படையில் ரியர் அட்மிரல் ஆகி, கார்வெட் போர்க்கப்பல் வாங்கியிருக்கிறார்கள். கொழிஞ்சாம்பாறை போஸ்ட்மேன் பாலக்காட்டுக்கு ஆயிரம் தடவை போய்வந்தால் நேவியில் அட்மிரல் ஆக்குவார்களா?

இப்போது உன் நண்பனுக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறேன். அடுக்குவதில் இரண்டு வகை உண்டு. டெலிவரி அடுக்கும்போது ஒவ்வொரு பார்ட்டிக்கும் அவரவர் டன்னை நீ உண்மையிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறாய். பயணம் மட்டும்தான் பொது. கொள்ளைக்காரர்களைச் சுடும் மிஷன் இருக்கிறதே, அதில் நாலு வெவ்வேறு கட்சிகளிடம் ஆளுக்கொன்று எடுத்து வைத்துக்கொண்டு ஒருவனைச் சுட்டால், நாலு கணக்கிலும் ஒன்று ஏறும். ஒரே கட்சியிடம் நாலு எடுத்தால் அப்படி ஏறாது, வரிசையாகத்தான் ஏறும். அதனால் ஜனங்கள் வெவ்வேறு கட்சியாகத் தேடித் தேடி எடுப்பார்கள். இது ஒரு மூட்டையை இறக்கிவிட்டு நாலு பேருக்கு பில் போடுகிற வேலை. எங்கள் லைனில் இதற்கு வேறு பேர், கேஸும் உண்டு. பயணத்தைப் பங்கு போடுவது வியாபாரம், வேலையையே பங்கு போட்டு முழுக்கூலி நாலு பேரிடம் வாங்குவது வேறு. சீட்டிங் என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளச் சொல்.

உன் நண்பனுக்கு இரண்டாவது ஆயுதம், போர்டைப் புரட்டுவது. முன்பெல்லாம் விளையாட்டை விட்டு வெளியே வந்து, வேறு முறையில் (தனியாக ஆடுவது, எல்லாரோடும் ஆடுவது என்று முறைகள் உண்டு) உள்ளே நுழைந்தால் மிஷன் போர்டில் புதுப் பட்டியல் வரும். பிடித்ததை எடுத்துக்கொண்டு, மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. கால் மணி நேரத்தில் 20 மிஷனும் ஒரே ஊருக்கு நிரப்பிவிடலாம். நான் ஆபீஸ் ஷட்டரை இறக்கி ஏற்றினால் வாசலில் புது வாடிக்கையாளர்கள் நிற்பது மாதிரி. அப்படி நடந்தால் நான் ஏன் எழுதிக்கொண்டிருக்கப் போகிறேன், ஷட்டரையே பிடித்துக்கொண்டு நிற்பேனே. பின்னால் எல்லா முறைக்கும் ஒரே போர்டு என்று மாற்றி அந்த வழியை அடைத்துவிட்டார்கள். அடைத்தது சரி என்பது என் கட்சி. அடுக்குவதன் ருசியே காத்திருப்பதில் இருக்கிறது. வண்டியில் முக்கால் நிறைந்திருக்கிறது, மணி எட்டு, இன்னும் அரை மணி பார்க்கலாமா, இல்லை கிளப்பிவிடலாமா? காத்திருந்தால் ஒரு பார்ட்டி வரலாம். வராமல் போனால் நேரமும் போய், ஏற்கெனவே ஏற்றிய எட்டுப் பேரின் பேச்சும் கேட்க வேண்டும். இந்தத் தவிப்பைக் கொஞ்சமாவது தருகிற விளையாட்டு நல்ல விளையாட்டு.

லாரி விளையாட்டு என்றாலே ரியலிசம் என்று நினைக்கிறவர்கள் யூரோ டிரக் சிமுலேட்டர் 2-ஐச் சொல்வார்கள். 2012-ல் வந்தது, அருமையான விளையாட்டு. ஸ்டியரிங், கண்ணாடி, தூக்கம், டீசல் எல்லாம் உண்டு. ஆனால் ஒரு சமயத்தில் ஒரே சரக்கு, ஒரே இடம். வண்டி ஓட்டுவது நிஜம். லாரித் தொழில் அதில் குறைவு. எலீட்டில் ஓட்டுவது கற்பனை, புக்கிங் ஆபீஸ் மூளை கொஞ்சம் நிஜம்.

உன் லேப்டாப்பில் எலீட் திணறுகிறது என்றாயே, என்ட்லெஸ் ஸ்கை போட்டுப் பார். இலவசம், மேலிருந்து பார்க்கும் எளிமையான படம், எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். அதில் கப்பலையே பேங்க் லோனில்தான் வாங்கி ஆரம்பிக்கிறாய். நாள் ஒவ்வொன்றுக்கும் தவணை போகும், ஆள் வைத்தால் சம்பளம் போகும். வேலைப் போர்டில் இடம் இருக்கும் வரை எத்தனை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள், சிலவற்றுக்குக் கெடு உண்டு. அங்கே அடுக்காமல் ஒவ்வொன்றாகப் போனால் தவணையே கழுத்தை நெரிக்கும். எலீட் கையில் ஒரு சைட்விண்டரை இலவசமாகக் கொடுத்து அனுப்புகிறது. தவணை கட்டாதவனுக்குக் காலி இடத்தின் அருமை எப்படித் தெரியும்?

நான் எலீட்டில் எனக்கென்று சில விதி வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் உன் நண்பனோடு பந்தயமாக விளையாடிப் பாருங்கள். முதல் மிஷனுக்கு முழு வாடகை. அடுக்குகிற ஒவ்வொரு அடுத்த மிஷனுக்கும், தொகைக்குப் பதிலாக மெட்டீரியலோ செல்வாக்கோ கொடுக்கிற பரிசைத்தான் எடுப்பேன், அதில் கிரெடிட் குறைவாக இருக்கும். பார்ட் லோடு ரேட்டு மாதிரி. போர்டில் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க மாட்டேன். ஒரு ட்ரிப்பில் மூன்று நிறுத்தத்துக்கு மேல் கிடையாது. முக்கியமாக, காலியாகத் திரும்பி வர மாட்டேன். எறணாகுளம் போன வண்டி பெரும்பாவூரில் பிளைவுட் ஏற்றாமல் திரும்பினால் அந்த ட்ரிப்பில் லாபமே இல்லை. எலீட்டிலும் இறங்கிய ஸ்டேஷனின் போர்டைப் பார்த்து, வருகிற திசைக்கு ஏதாவது எடுத்துக்கொண்டுதான் கிளம்புவேன். கிடைக்காவிட்டால் மார்க்கெட்டில் என் சொந்தக் காசில் சரக்கு வாங்கிப் போட்டுக்கொள்வேன்.

இப்படி விளையாடினால் பணம் மெதுவாக வரும். நான் டைப்-6-லிருந்து டைப்-7-க்கு மாறவே நாலு மாதம் ஆயிற்று. அதுவும் பெரிய கப்பல் என்பதால் அவுட்போஸ்ட் என்கிற சின்ன ஸ்டேஷன்களில் இறங்க இடம் கிடையாது; பாதி வேலை கைவிட்டுப் போய், அங்கே இறங்கக்கூடிய நடுத்தரக் கப்பலான பைத்தான் வாங்கியிருக்கலாமே என்று இப்போது யோசிக்கிறேன். சந்துக்குள் போகாத வண்டியை வாங்கிவிட்டு முழிப்பது எனக்கு இது இரண்டாவது தடவை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு கொழிஞ்சாம்பாறை வருகிறாய் என்று அத்தை சொன்னாள். அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வா. சனிக்கிழமை சாயங்காலமே ஆபீஸ் பக்கம் வந்தால் முருகேசண்ணன் வண்டி அடுக்குவதைப் பார்த்துவிட்டு, எல்லாரும் ஒன்றாக வேலந்தாவளம் வழியில் வீட்டுக்குப் போகலாம்.